பிளெக்ஸ் மிஷினுக்கு வேறு கம்பெனி இங்க்: ஹெட்டில் தொடங்கி டப்பாவுக்கு வாருங்கள்

சித்திரைத் திருவிழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது எங்கள் கடையில் மெஜந்தா இங்க் தீர்ந்துபோனது. வழக்கமாக வாங்கும் இடத்தில் சரக்கு இல்லை. மதுரையில் அந்த வாரம் பிளெக்ஸ் கடை நடத்துபவனுக்கு மெஜந்தா இல்லை என்றால் கடையைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். இன்னொரு சப்ளையர் வேறு கம்பெனியின் சால்வென்ட் (கரைப்பானில் செய்த) இங்க் ஐந்து லிட்டர் கேன் ஒன்றை அனுப்பிவைத்தார். "அண்ணே, எல்லா சால்வென்ட்டும் ஒண்ணுதாண்ணே, தைரியமா ஊத்துங்க" என்றார். ஊற்றினோம். பழைய இங்க் டேங்கின் அடியில் இரண்டு விரல் உயரம் இருந்தது, அதன் மேலேயே ஊற்றினோம். இரவு பன்னிரண்டு மணி வரை மிஷின் அருமையாக ஓடியது. காலையில் வந்து பார்த்தால் நாசில் செக்கில் (எல்லாத் துளையிலும் இங்க் வருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பிரிண்ட்டில்) மெஜந்தா சீப்புப் பல் உடைந்த மாதிரி நிற்கிறது. பில்டரைக் கழற்றினால் உள்ளே ஜவ்வரிசிக் கஞ்சி. இங்க்கைத் துளித்துளியாகத் தள்ளும் பாகமான ஹெட் இரண்டில் ஒன்று நாலு நாள் பிளஷ் செய்ததில் (திரவம் விட்டு அலசியதில்) பிழைத்தது, இன்னொன்று இப்போது என் மேஜையில் பேப்பர் வெயிட்.

அதற்குப் பிறகு இங்க் மாற்றும்போதெல்லாம் நான் பின்பற்றும் வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். பொதுவாக எல்லோரும் விலையில் ஆரம்பித்து, கலரைப் பார்த்துவிட்டு, கடைசியில்தான் ஹெட்டுக்கு வருகிறார்கள். நான் அதைத் தலைகீழாகச் செய்யச் சொல்கிறேன்.

முதலில், மாற்றத்தான் வேண்டுமா?

மிஷின் வாரண்டியில் இருந்தால் மாற்றாதீர்கள், அவ்வளவுதான். ரோலண்ட், மிமாகி, எப்சன் போன்ற கம்பெனி மிஷின்களில் கார்ட்ரிட்ஜிலேயே சிப் இருக்கும், வெளி இங்க் போட்டால் சிப்பையும் சேர்த்து ஏமாற்ற வேண்டும், நாளை ஹெட் போனால் சர்வீஸ்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான். எச்பி லேடெக்ஸ் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். அது தண்ணீர் அடிப்படையில் செய்த, பாலிமர் கலந்த இங்க். ஹெட்டும் சூடாக்கிக் குமிழி எழுப்பித் துளியைத் தள்ளுகிற வகை. அதில் சால்வென்ட் ஊற்றுவது டீசல் வண்டியில் மண்ணெண்ணெய் ஊற்றுவதைவிட மோசம்.

மிச்சம் இருப்பது வாரண்டி முடிந்த எக்கோ சால்வென்ட் மிஷின்களும், சிப் இல்லாமல் டேங்கில் ஊற்றி ஓட்டும் சீன மிஷின்களும், கோனிகா ஹெட் போட்ட பெரிய சால்வென்ட் மிஷின்களும். நம் ஊர்க் கடைகளில் முக்கால்வாசி இவைதான்.

ஹெட்டின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்

மிஷினின் பெயரைச் சொல்லி இங்க் கேட்காதீர்கள். ஒரே பெயரில் வரும் சீன மிஷினில் போன வருடம் ஒரு ஹெட் இருந்திருக்கும், இந்த வருடம் வேறு ஹெட் இருக்கும். ஹெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும் கேரியேஜின் மூடியைக் கழற்றி, ஹெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்சன் ஐ3200 ஹெட்டை எடுத்துக்கொண்டால் அதில் ஏ1, இ1, யூ1 என்று மூன்று இருக்கின்றன. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், எல்லாவற்றிலும் 3200 நாசில். ஆனால் ஏ1 தண்ணீர் இங்க்குக்கு, இ1 எக்கோ சால்வென்ட்டுக்கு, யூ1 யூவி (புற ஊதா ஒளியில் காயும்) இங்க்குக்கு. வித்தியாசம் உள்ளே இருக்கும் பசையிலும் பொருள்களிலும் இருக்கிறது. ஏ1 ஹெட்டில் எக்கோ சால்வென்ட் ஊற்றினால் அன்றே சாகாது. சில வாரம் ஓடும், அப்புறம் ஒரு கலர் பக்கத்துக் கலரோடு கலக்க ஆரம்பிக்கும். நீங்கள் டேம்பரை (ஹெட்டுக்கு முன்னால் இங்க்கை வடிகட்டி அனுப்பும் சின்னப் பெட்டி) மாற்றுவீர்கள், கேப்பிங்கை (சும்மா நிற்கும்போது ஹெட்டை மூடும் ரப்பர் மூடி) மாற்றுவீர்கள், ஒன்றும் சரியாகாது, ஏனென்றால் உள்ளே தடுப்புச் சுவரை ஒட்டியிருந்த பசை கரைந்திருக்கும்.

எக்ஸ்பி600 ஹெட்டின் கதை இன்னும் வேடிக்கை. அது முதலில் வீட்டில் வைத்து போட்டோ அடிக்கும் சின்ன எப்சன் பிரிண்டருக்காக, தண்ணீர் இங்க்குக்காகச் செய்தது. ஆறு வரிசை, வரிசைக்கு 180 நாசில். விலை மலிவு என்பதால் சீன மிஷின்காரர்கள் அதைத் தூக்கி எக்கோ சால்வென்ட் மிஷினில் மாட்டிவிட்டார்கள். ஓடத்தான் செய்கிறது, ஆனால் அது தேயும் பொருள் என்று நினைத்துத்தான் வாங்க வேண்டும். அந்த ஹெட்டில் கொஞ்சம் காரமான இங்க் போனால்கூட ஆயுள் பாதியாகிவிடுகிறது என்பது என் அனுபவம். டிஎக்ஸ்5-உம் எட்டு வரிசை, மொத்தம் 1440 நாசில், கிட்டத்தட்ட அதே சாதி, கொஞ்சம் தாங்கும்.

கோனிகா 512 வேறு உலகம். 14, 30, 42 பிகோலிட்டர் என்று துளி அளவுப்படி வருகிறது. சால்வென்ட்டைத் தாங்கும் தடித்த உடம்பு, சிலவற்றில் உள்ளே ஹீட்டரும் உண்டு. ஹெட்டின் ஸ்டிக்கரில் அதற்கான வோல்டேஜ் அச்சிட்டிருக்கும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இங்க்கின் சாதி

தண்ணீர் இங்க், சப்ளிமேஷன் (சூடு கொடுத்துத் துணிக்கு மாற்றுவது), எக்கோ சால்வென்ட், ஹார்டு சால்வென்ட், யூவி என்று ஐந்து குடும்பம். ஒரு குடும்பத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது இங்க் மாற்றுவதே அல்ல, மிஷினையே மாற்றுவது. ஹெட், டேம்பர், டியூப், கேப்பிங், எல்லாம் புதிதாகப் போடத் தயாராக இல்லை என்றால் தாவாதீர்கள்.

இதில் நம் ஆட்கள் அதிகம் தடுமாறும் இடம் எக்கோவுக்கும் ஹார்டு சால்வென்ட்டுக்கும் நடுவில். ஹார்டு சால்வென்ட்டில் பெரும்பாலும் சைக்ளோஹெக்சனோன் இருக்கும், கடைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் வாடை அதுதான். அது பிளெக்ஸின் மேல்தோலைக் கடித்து உள்ளே இறங்கும், அதனால்தான் அந்தப் பிரிண்ட் உரசினாலும் போகாது. எக்கோவில் கிளைக்கால் ஈத்தர் வகைக் கரைப்பான்கள். கடி குறைவு, வாடை குறைவு, அதனாலேயே காய வைக்க ஹீட்டர் தேவை. சிலர் மலிவாகக் கிடைக்கிறதென்று எக்கோ டப்பாவில் கொஞ்சம் ஹார்டு சால்வென்ட்டைக் கலந்து விற்கிறார்கள். மூடியைத் திறந்து முகர்ந்தாலே தெரியும். எக்கோ என்று சொல்லிக் கொடுத்த பாட்டிலில் பிளெக்ஸ் கடை வாடை அடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முகர்வது உடம்புக்கு நல்லதில்லைதான், மூடியை மட்டும் கொஞ்சம் தள்ளிவைத்து முகர்ந்தால் போதும்.

யூவி வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு விஷயம்: விளக்கு என்ன வகை என்று பாருங்கள். பழைய மெர்க்குரி விளக்குக்குச் செய்த இங்க் எல்இடி விளக்கில் சரியாகக் காயாது, ஏனென்றால் எல்இடி 395 நானோமீட்டர் போல ஒரே ஒரு அலைநீளத்தில்தான் அடிக்கும், இங்க்கில் இருக்கும் பொருள் அந்த அலைக்கு விழித்துக்கொள்வதாக இருக்க வேண்டும். மேலே காய்ந்த மாதிரி இருந்து நகத்தால் கீறினால் ஏடு மாதிரி உரிந்து வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். கையுறை இல்லாமல் யூவி இங்க்கைத் தொடவே தொடாதீர்கள், ஒருமுறை தோல் ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு அது விடாது.

விற்பவரிடம் என்ன கேட்பது

"கோனிகா இங்க் இருக்கா" என்று கேட்டால் "இருக்கு" என்றுதான் பதில் வரும். டெக்னிக்கல் டேட்டா ஷீட் கேளுங்கள். அதில் இரண்டு எண் முக்கியம்.

ஒன்று விஸ்காசிட்டி, அதாவது இங்க் எவ்வளவு கெட்டி. எப்சன் ஹெட்டுகளுக்கு வரும் எக்கோ சால்வென்ட் சுமார் 3 முதல் 5 சென்டிபாய்ஸ் (கெட்டித்தனத்தை அளக்கும் அலகு). கோனிகா 512-க்கு 10-ஐ ஒட்டி இருக்க வேண்டும். எந்த வெப்பநிலையில் அளந்தது என்பதையும் பாருங்கள், 25 டிகிரியில் அளந்த எண்ணும் 45 டிகிரியில் அளந்த எண்ணும் ஒன்றல்ல. இங்க் தேங்காய் எண்ணெய் மாதிரி, சூடு ஏற ஏற இளகும். மே மாதம் ஏசி இல்லாத கடையில் நாற்பது டிகிரியில் நிற்கும் பாட்டிலும் மார்கழிக் காலையில் நிற்கும் பாட்டிலும் ஹெட்டுக்கு ஒரே இங்க் அல்ல.

இரண்டாவது சர்பேஸ் டென்ஷன், அதாவது இங்க் படராமல் துளியாகத் திரண்டு நிற்கும் இழுவிசை. இது குறைந்தால் இங்க் நாசில் தட்டின் மேல் படர்ந்து அடியில் துளி தொங்கும், நடுப் பிரிண்டில் சொட்டும். கூடினால் மீடியாவில் (நாம் அடிக்கும் பிளெக்ஸ், வினைலில்) பரவாமல் தாமரை இலைத் தண்ணீராக முத்து முத்தாக நிற்கும்.

டேட்டா ஷீட் இல்லை, பேட்ச் நம்பர் இல்லை, தயாரித்த தேதி இல்லை என்றால் அந்த இங்க் எனக்கு வேண்டாம். பேட்ச் நம்பரை ஏன் இவ்வளவு பிடித்துக்கொள்கிறேன் என்றால், சின்ன கம்பெனிகள் ஒரு மாதம் ஒரு இடத்திலிருந்து இங்க் எடுத்து அதே லேபிளை ஒட்டும், அடுத்த மாதம் வேறு இடம். டப்பா ஒன்றுதான், உள்ளே ஆள் வேறு.

இங்க்கை மிஷினுக்குக் காட்டுவதற்கு முன்

ஒரு லிட்டர் மட்டும் வாங்குங்கள். அதிலும் மிஷினில் ஊற்றாமல் முதலில் மேஜையில் மூன்று சோதனை.

கலப்புச் சோதனை. மூடி போட்ட சின்ன கண்ணாடி பாட்டில்கள் நாலு எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு கலருக்கும் ஒன்று. அந்தந்தக் கலரில் பழைய இங்க் பாதி, புது இங்க் பாதி. குலுக்கி, ஒரு நாள் முழுதும் மிஷினுக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். மறுநாள் பாட்டிலை மெதுவாகச் சாய்த்து நிமிர்த்துங்கள். கண்ணாடிச் சுவரில் இங்க் வழுவழுவென்று படலமாக வழிந்தால் நல்லது. மணல் ஒட்டியது போலச் சொரசொரப்பு தெரிந்தால், அடியில் சேறு தங்கினால், அவ்வளவுதான். பார்வைக்குச் சந்தேகமாக இருந்தால் வடிகட்டும் தாளில் ஒரு சொட்டு விடுங்கள். ஒரே நிறத்தில் வட்டமாகப் பரவ வேண்டும். நடுவில் கரும்புள்ளி, சுற்றிலும் வெளிறிய வளையம் என்று பிரிந்தால் நிறமி திரள ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

காரணம் இதுதான். நிறமி இங்க்கில் கரைவதில்லை, மிக மிக நுண்ணிய தூளாக மிதக்கிறது, அந்தத் தூள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க ஒவ்வொரு கம்பெனியும் அதன் மேல் ஒரு சட்டை மாட்டிவிடுகிறது. இன்னொரு கம்பெனியின் கரைப்பான் அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டால் தூள் திரண்டுவிடும். என் மெஜந்தாவுக்கு நடந்தது இதுதான். இரவு முழுக்க ஓடியதும் காலையில் செத்ததும் அதனால்தான், திரள்வதற்கு நேரம் எடுத்திருக்கிறது. ஊற்றி ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு "பிரமாதம்ணே" என்று சொல்லும் டெமோவை நான் நம்பாமல் போனது அன்றிலிருந்து.

ஊறவைக்கும் சோதனை. பழைய டேம்பர், கேப்பிங்கின் ரப்பர், ஒரு விரல் நீளம் டியூப், ஒரு ஓ-ரிங், இவற்றைப் புது இங்க்கில் போட்டு மூடி ஒரு வாரம் வையுங்கள். போடும் முன் நகைக்கடைத் தராசு போன்ற சின்ன தராசில் எடை எழுதிக்கொள்ளுங்கள். எடுத்துத் துடைத்து மறுபடி எடை போடுங்கள். கனம் ஏறியிருந்தால் ரப்பர் குடித்திருக்கிறது. ஓ-ரிங் விரலுக்கு வழவழவென்று இளகியிருந்தால் அது மிஷினுக்குள் காற்றை விடப்போகிறது. காற்று உள்ளே போனால் இங்க் வரத்து அறுந்துவிடும், இது தெரியாத பிளெக்ஸ்காரர் யாரும் இல்லை.

வெயில் சோதனை இதிலெல்லாம் நீளமானது, அதனால் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நாலு கலர் பட்டையும் ஒரு முக நிறப் படமும் அடித்து, பாதியைக் கனமான அட்டையால் மூடி, மொட்டை மாடியில் வெயில் படும்படி கட்டிவிடுங்கள். ஒரு மாதம் கழித்து அட்டையை எடுத்துப் பாருங்கள். ஊருக்குள் பழைய பிளெக்ஸ் ஒன்றைப் பார்த்தால் தலைவர் நீலமாக நிற்பார், கவனித்திருப்பீர்கள். சியானில் இருக்கும் தாலோசயனின் நீலம் வெயிலுக்கு அசையாது, மஞ்சளும் மெஜந்தாவும்தான் முதலில் ஓடுகின்றன. மலிவு இங்க்கில் காசு மிச்சம் பிடிப்பதும் அந்த இரண்டில்தான். சில இங்க்கில் நிறமியே இல்லாமல் சாயத்தைக் கலந்திருப்பார்கள், அடித்த அன்று கண்ணைப் பறிக்கும். மூன்று நாள் கல்யாண பேனருக்கு அது போதும். ஆறு மாதம் நிற்க வேண்டிய கடை போர்டுக்கு அதே இங்க்கில் அடித்துக் கொடுத்தால் வாடிக்கையாளர் உங்கள் பெயரைத்தான் திட்டுவார், இங்க்காரர் பெயர் அவருக்குத் தெரியாது.

மாற்றும் நாள்

வேலை குறைவான நாளைத் தேர்ந்தெடுங்கள். ஆடி மாதம் நல்லது.

கலப்புச் சோதனையில் தேறியிருந்தாலும் நான் மேலே ஊற்றுவதில்லை. பழைய இங்க்கைக் கடைசி வரை ஓட்டி, டேங்கைக் கழற்றிக் கழுவி, பில்டரைப் புதிதாக மாட்டி, பிளஷ் திரவத்தை டியூப் வழியாக நிறமில்லாமல் வரும்வரை இழுத்து, அப்புறம்தான் புது இங்க். பிளஷ் திரவம் புது இங்க் விற்பவரிடமே வாங்குவது நல்லது, அதையும் பழைய இங்க்கோடு ஒரு பாட்டிலில் கலந்து பார்த்துவிடுங்கள்.

சால்வென்ட் லைனில் தண்ணீர் விடாதீர்கள். டிஸ்டில்டு வாட்டர் சுத்தமானதுதானே என்று விட்டவர்களை எனக்குத் தெரியும். இங்க்கில் இருக்கும் ரெசின் தண்ணீரைக் கண்டதும் பால் திரிவது போலத் திரிந்துவிடும். தின்னர் கடையில் கிடைக்கும் நைட்ரோ தின்னரும் வேண்டாம், அது எப்சன் ஹெட்டின் பசைக்கு எமன்.

புது இங்க் போன பிறகு கோனிகா ஆட்கள் வோல்டேஜைப் பார்க்க வேண்டும். ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணில் ஆரம்பித்து, இங்க்குக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். துளி தூவானமாகச் சிதறினால், எழுத்தின் ஓரம் பூனை முடி மாதிரி தெரிந்தால் குறையுங்கள். துளி வலுவில்லாமல் வளைந்து விழுந்தால் கூட்டுங்கள்.

அடுத்து இந்த ஒன்றை மட்டும் அவசியம் செய்யுங்கள். நாசில் செக் எடுங்கள், முழுதாக இருக்கும். உடனே இரண்டு மீட்டர் நீளத்துக்கு நூறு சதவீத ஸாலிட் (இடைவெளியே இல்லாத முழு நிறப் பட்டை) அடியுங்கள், நாலு கலரும். நிறுத்தாமல் மறுபடி நாசில் செக். முதலில் முழுதாக இருந்த வரிசை இப்போது பாதி காணாமல் போய், பத்து நிமிடம் சும்மா விட்டால் தானாகத் திரும்பி வந்தால், இங்க் அந்த ஹெட்டுக்குக் கெட்டி, அல்லது டேம்பரின் வலை அடைக்கிறது. புது டேம்பர் போட்டும் அதே கதை என்றால் இங்க்கைத் திருப்பிக் கொடுங்கள். ஹெட் கிளீனிங் பட்டனை இருபது முறை அழுத்துவதில் பயன் இல்லை, நல்ல இங்க்கை வேஸ்ட் டேங்குக்கு அனுப்புவதுதான் நடக்கும்.

கலர் கடைசியில்தான்

புது இங்க்கில் முகங்கள் செங்கல் நிறத்தில் வந்தால் பதறாதீர்கள். மெயின்டாப்போ போட்டோபிரிண்ட்டோ, படத்தை மிஷினுக்குப் புரியும்படி மாற்றி அனுப்ப நீங்கள் ஓட்டும் ரிப் மென்பொருளில் இருக்கும் ஐசிசி புரொபைல் (எந்த நிறத்துக்கு எந்த இங்க் எவ்வளவு என்று சொல்லும் பைல்) பழைய இங்க்குக்குச் செய்தது. புது இங்க்குக்கும் நீங்கள் அதிகம் ஓட்டும் இரண்டு மீடியாவுக்கும் புதிய புரொபைல் செய்ய வேண்டும். கலரைப் படிக்கும் கருவி வைத்திருப்பவரைக் கூப்பிட்டு ஒருமுறை செய்து வாங்கிவிட்டால் போதும். அதைவிட்டு, ஒவ்வொரு பைலிலும் போட்டோஷாப்பில் சிவப்பைக் குறைத்துக்கொண்டே இருந்தால் டிசைனர் பையன் மூன்றாவது மாதம் வேலையை விட்டுவிடுவான்.

காய்வதையும் பாருங்கள். எக்கோவில் அடித்த வினைலை அன்றே லேமினேட் செய்யாதீர்கள், ஒரு நாளாவது திறந்து கிடக்கட்டும். அவசரப்பட்டால் உள்ளே மாட்டிய கரைப்பான் பசையை இளக்கி, ஒட்டிய வினைல் ஓரத்தில் சுருண்டுகொள்ளும். காய்ந்த பிறகு டேப் ஒட்டிச் சரக்கென்று இழுத்துப் பாருங்கள், கலர் டேப்போடு வரக் கூடாது.

விலை

கணக்கை நீங்களே போடுங்கள். முழுப் பாட்டிலை எடை போட்டு, நூறு சதுர அடி வழக்கமான வேலை அடித்துவிட்டு, மறுபடி எடை. உதாரணத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு 10 மில்லி போகிறது என்று வையுங்கள். ஒரு லிட்டரில் 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 1076 சதுர அடி. லிட்டருக்கு 200 ரூபாய் மலிவான இங்க் வாங்கினால் சதுர அடிக்கு மிச்சம் ஏறக்குறைய 19 காசு. உங்கள் ஹெட்டின் இன்றைய விலையை 19 காசால் வகுத்துப் பாருங்கள், எத்தனை சதுர அடி அடித்தால் ஒரு ஹெட் போன நஷ்டம் ஈடாகும் என்று தெரிந்துவிடும். நான் வகுத்துப் பார்த்த அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

மலிவு இங்க் எல்லாம் மோசம் என்று சொல்ல வரவில்லை. இப்போது நான் ஓட்டுவதும் வெளி இங்க்தான், பெரிய பெயர் எதுவும் இல்லை. நாலு வருடமாக ஒரே இடம், ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஒரு சின்ன பாட்டில் மாதிரி எடுத்து, தேதி எழுதி, நிழலில் வைத்துவிடுகிறேன். புது கேன் வந்ததும் பழைய மாதிரியோடு கலந்து ஒரு நாள் பார்க்கிறேன். ஒரே கம்பெனி, ஒரே லேபிள், இருந்தும் பார்க்கிறேன். போன தைக்கு வந்த கருப்பு கேன் தேறவில்லை. படம் எடுத்து அனுப்பியதும் மறுபேச்சு இல்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள்.